உறைந்த பொப்பியாத் தோல்: துரோனுக்குத் தேறுமா?

துரோன் என்பது வாழைப்பழத்தை மெல்லிய மாவுத் தோலில் சுருட்டி, சீனிப்பாகு படியப் பொரிக்கும் பிலிப்பீன்ஸ் பலகாரம். பொப்பியா என்ற சுருளுக்கான உறைந்த கோதுமை மாவுத் தோல் அதற்குத் தேறும், ஆனால் அளவு பார்த்து வாங்க வேண்டும். கோலாலம்பூர் பேரங்காடிகளின் உறைபெட்டியில் கிடைக்கும் சதுரத் தோலில் ஏழரை அங்குலம்தான் துரோனுக்குப் பொருத்தம். எட்டரை அங்குலத்தில் சுற்று கூடிப்போய், வெளியே சிவந்த பிறகும் உள்ளே மாவு வாடை நிற்கும். சந்தையில் ஈரமாக விற்கும் வட்டத் தோல் வேண்டவே வேண்டாம். அது பொரிக்காத பொப்பியாவுக்கானது. எண்ணெயில் கொப்புளித்து எண்ணெய் குடிக்கும்.

நம் வாழைப்பழப் பொரியலான பீசாங் கோரேங்கில் மாவுக் கரைசல் குறைகளை மறைத்துவிடும். பிலிப்பீன்ஸ்காரர்களின் துரோனில் அந்த வசதி இல்லை, எல்லாமே தோலின் கையில். பொட்டலத்தைப் பிரிக்காமல் முக்கால் மணி நேரம் வெளியே வையுங்கள். அவசரப்பட்டு உரித்தால் மூலை கிழியும். உரித்த தாள்களை ஈரத்துணியால் மூடாவிட்டால் பத்தே நிமிடத்தில் ஓரம் காய்ந்து, மடிக்கும்போது வெடிக்கும்.

பழத்துக்குச் சௌக்கிட் சந்தையில் பீசாங் நிப்பா கேளுங்கள். பிலிப்பீன்ஸில் சாபா என்பது இதுதான். தோல் மஞ்சளாகி, அழுத்தினால் உறுதியாக இருக்கும் பதம். பீசாங் மாஸ் குழைந்துவிடும். நான்கு பழத்தை நீளவாக்கில் இரண்டாக்கி, பழுப்புச் சீனியில் புரட்டி, விரல் அகலப் பலாச்சுளைத் துண்டோடு இறுக்கிச் சுருட்டுங்கள். சீனி அதிகமானால் உள்ளே நீர்த்து, ஒட்டிய இடத்தைப் பிளந்துகொண்டு வரும். ஒட்ட ஒரு கரண்டி கோதுமை மாவும் இரண்டு கரண்டி தண்ணீரும் போதும். வெறும் தண்ணீர் இந்தத் தோலில் பிடிக்காது.

ஒன்றரை அங்குல ஆழ எண்ணெய், மிதமான தீ. சூடானதும் மூன்று மேசைக்கரண்டி பழுப்புச் சீனியைத் தூவி, அது உருகத் தொடங்கியதும் ஒட்டிய பக்கம் கீழிருக்கப் போட்டுப் புரட்டிக்கொண்டே இருங்கள். நான்கைந்து நிமிடத்தில் பாகு படியும். சீனி கறுத்தால் அந்த ஈடு முழுக்கக் கசக்கும், தீயைக் கூட்டாதீர்கள். எடுத்ததைக் கம்பித் தட்டில் வையுங்கள். காகிதத்தில் வைத்தால் பாகோடு காகிதமும் வரும். நம் ஊர் ஈரக்காற்றில் மொறுமொறுப்பு ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

ஒரே குறை, ஐம்பது தாள் கட்டு சின்னக் குடும்பத்துக்கு அதிகம். மீந்ததை மறுபடி உறையவைத்தால் ஓரம் நொறுங்கும். அதற்குப் பதில் எல்லாவற்றையும் சுருட்டி, பொரிக்காமல் தட்டில் தனித்தனியாக உறையவிடுங்கள். இளக்காமல் அப்படியே, தீயைச் சற்றுக் குறைத்துப் பொரிக்கலாம்.