விளக்கு மட்டும் திருந்தவில்லை

"முப்பரிமாண மைக்ரோஸ்கோப் வந்துவிட்டதே, இன்னும் ஏன் அந்தப் பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்டார் நண்பர். ஒப்பீட்டு நுண்ணோக்கி பழுது பார்த்துத் திரும்பி வந்த அன்றே கேட்டதால், பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

1925 வாக்கில் நியூயார்க்கில் கால்வின் காடார்டும் பிலிப் கிரேவலும் இரண்டு துப்பாக்கிக் குண்டுகள் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்று ஒப்பிட எடுத்துக்கொண்ட அதே அமைப்புதான்: இரண்டு நுண்ணோக்கி, இணைக்கும் ஒளிப்பாலம், இரண்டு படங்களுக்கும் நடுவில் பிரிகோடு. அதில் எனக்குக் குறையே இல்லை. என் சண்டையெல்லாம் விளக்கோடு.

துப்பாக்கிக் குழல் குண்டின் மேல் விட்ட கீறல் தெரிய ஒளி சாய்வாக விழ வேண்டும். நேராக அடித்தால் வெறும் பளபளப்புதான். சாய்த்தால் இரண்டு பக்கமும் ஒரே சாய்வு, ஒரே வெளிச்சம் வேண்டும். பழுது பார்த்தவர் "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டெடுத்த இரண்டு குண்டுகளை வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் ஒரு மாற்றுக் குறைவு. குண்டுகளை இடம் மாற்றினேன். மங்கல் குண்டோடு போகாமல் வலப்பக்கமே உட்கார்ந்திருந்தது. விளக்கைக் கடுகளவு திருப்பினால் மேடு பள்ளமாகத் தெரிகிறது; இன்னும் திருப்பினால் ஒரு கீறலே காணாமல் போகிறது. போதாக்குறைக்கு, கோடுகள் பொருந்தி வரும் நேரம் பார்த்துப் குண்டை நிறுத்தி வைக்கும் பிடிமெழுகில் அது மெல்லச் சாயும்.

நியாயமாகச் சொன்னால், கன்ஃபோகல் என்கிற முப்பரிமாண நுண்ணோக்கியில் இந்தத் தொல்லை இல்லை. அது நிழலைப் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் உயரத்தையே அளக்கிறது. பொருத்தத்தை எண்ணாகவும் சொல்லலாம். நிபுணரின் கண்ணை மட்டும் நம்பி முடிவு சொல்வதை அமெரிக்காவில் தேசிய அறிவியல் அகாடமியின் 2009 அறிக்கையும் அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவின் 2016 அறிக்கையும் குறை கூறின அல்லவா, அதற்கு இது உருப்படியான பதில். ஆனால் தோட்டாவின் அடியில் இடித்து வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின் பதித்த குழியின் செங்குத்தான சுவரில் அளவு கிடைக்காமல் படத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை மென்பொருள் தானே நிரப்பி அழகாகக் காட்டும்போது எனக்கு எரிச்சல் வரும்.

புதிதாக வாங்குபவர் முப்பரிமாணத்தையே வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். நான் என்ன செய்தேன் என்றால், நேற்று ஒரு நசுங்கிய குண்டு வந்ததும் நேராகப் பழையதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். திட்டிக்கொண்டே விளக்கைத் திருப்ப, ஒரு மெல்லிய கோடு இடப்பக்கத்திலிருந்து பிரிகோட்டைத் தாண்டி முறியாமல் வலப்பக்கம் ஓடியது. ஒரு நிமிடம் கையை எடுக்கவே மனம் வரவில்லை.

அப்புறம் விளக்கு பற்றி இரண்டாவது புகாரை எழுதி அனுப்பினேன்.