செக்ரடேரியட்டின் பொலிச்சேவை: 1,90,000 டாலர் பங்குக்குக் கிடைத்தது என்ன?

மொத்தம் 32 பங்குகள், பங்கு ஒன்றின் விலை 1,90,000 டாலர். 1973 பிப்ரவரியில் செக்ரடேரியட்டின் பொலிச்சேவை, அதாவது பெட்டைக் குதிரைகளை அதனிடம் சினைக்கு அனுப்பும் உரிமை, இந்த விலைக்கு விற்றுத் தீர்ந்தபோது, அந்தச் செம்பழுப்புக் குதிரை மூன்று வயதுக்குரிய பந்தயம் ஒன்றில்கூட ஓடியிருக்கவில்லை. இரண்டு வயதிலேயே அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரையாக அது தேர்வு பெற்றிருந்தது என்பது மட்டுமே வாங்கியவர்களின் கையில் இருந்த சான்று. கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் நகரை ஒட்டிய கிளேபோர்ன் பண்ணையின் பொறுப்பைத் தந்தையின் மறைவுக்குப் பின் ஏற்றிருந்த சேத் ஹான்காக்குக்கு அப்போது 25 வயதுகூட நிறையவில்லை. அவரே தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்துப் பங்குகளை விற்று முடித்தார். மொத்தத் தொகை 60,80,000 டாலர். அதுவரை எந்தப் பந்தயக் குதிரைக்கும் இவ்வளவு பெரிய தொகை கிடைத்ததில்லை. அந்த ஜனவரியில் தந்தையை இழந்திருந்த உரிமையாளர் பென்னி செனரிக்கு வாரிசு வரி கட்ட வேண்டிய நெருக்கடி. விற்பனைக்குக் காரணம் அதுதான்.

அந்தச் சேவையைத்தான் இங்கே மதிப்பிட விரும்புகிறேன். ஒரு பொலிகுதிரையின் பயனை அதன் குட்டிகள் ஓடி முடித்த பிறகும் முழுதாக அறிய முடியாது. குட்டிகளின் குட்டிகளும் ஓடி முடிக்க வேண்டும். வம்சாவளித் தாள்களைப் படிப்பதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டவன் நான். "ஓட்டத்தில் ஈடிணையற்றது, பொலிகுதிரையாகத் தோற்றுப்போனது" என்று செக்ரடேரியட்டைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் தீர்ப்பு பாதிக் கணக்கை வைத்து எழுதப்பட்டது என்பதே என் கருத்து.

பங்குதாரருக்கு என்ன கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பங்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு பெட்டைக் குதிரையை அதனிடம் சினைக்கு அனுப்பலாம். பந்தயத்துக்கென வளர்க்கப்படும் தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமில்லை; நேரடிச் சேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டுமே ஜாக்கி கிளப் தன் பதிவேட்டில் ஏற்கும். ஆகவே விந்தைக் குப்பியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பும் வழியே கிடையாது. பெட்டைதான் பண்ணைக்கு வர வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு பொலிகுதிரை சந்திக்கக்கூடிய பெட்டைகளின் எண்ணிக்கைக்கு இதனால் இயல்பாகவே ஒரு வரம்பு உண்டு, பங்கின் விலை உயர்ந்ததற்கும் அந்த வரம்பே காரணம்.

தொடக்கமே சோதனையாக அமைந்தது. 1973 நவம்பரில் செக்ரடேரியட் கிளேபோர்னுக்கு வந்து சேர்ந்தபோது நடத்திய பரிசோதனையில், அதன் விந்தணுக்களில் முதிர்ச்சியடையாதவை இருப்பதாகத் தெரியவந்தது. பெரும்பணம் போட்டவர்களுக்கு இது எவ்வளவு கலக்கத்தைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். தரோபிரெட் அல்லாத அப்பலூசா இனப் பெட்டை ஒன்றை அதனோடு சேர்த்துப் பார்த்தார்கள். அது சினைப்பட்டு, 1974 இறுதியில் ஃபர்ஸ்ட் செக்ரட்டரி என்ற குட்டி பிறந்தது. அதற்குள் மற்றப் பெட்டைகளும் சினைப்பட்டுவிட, கருவுறுதல் பற்றிய ஐயம் நீங்கியது.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பங்கை வாங்கியவர்கள் வாங்கியது இன்னொரு செக்ரடேரியட்டை. 1973 கோடையில் அவர்கள் கண்ட காட்சிகள் அந்த எதிர்பார்ப்பை வானளவு உயர்த்திவிட்டிருந்தன. கென்டக்கி டெர்பியின் ஒன்றேகால் மைல் தூரத்தை 1 நிமிடம் 59 2/5 வினாடியில் ஓடியபோது, ஒவ்வொரு கால் மைலையும் முந்திய கால் மைலைவிட விரைவாக அது கடந்தது; களைப்பு ஏற ஏற வேகம் குறைவதுதான் குதிரைகளின் இயல்பு என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு இன்றும் வியப்பூட்டும். பெல்மான்ட் பந்தயம் அதையும் விஞ்சியது. ஒன்றரை மைல், 2 நிமிடம் 24 வினாடி, 31 குதிரை நீள இடைவெளி. அந்த இறுதிக் கட்டத்தின் புகழ்பெற்ற புகைப்படத்தில் ஜாக்கி ரான் டர்காட் பின்னால் வருபவர்களைப் பார்க்கவில்லை. இடப்புறமாகத் தலையைத் திருப்பி, மைதானத்தின் நடுவிலிருக்கும் நேரப் பலகையைப் பார்க்கிறார். போட்டி போட வேறெதுவும் எஞ்சாத நிலையில் கடிகாரத்தோடு மட்டுமே ஓடிய குதிரை அது. அதன் வாரிசாகப் பிறக்கும் குட்டியின் நிலைமை எப்படி இருக்கும் என்பதை அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நினைத்தபடியே நடந்தது. 1976இல் கீன்லாண்ட் ஏலத்தில் அதன் முதல் ஈற்றுக் குட்டிகளில் ஒன்றான கனேடியன் பவுண்ட் 15 லட்சம் டாலருக்கு விலைபோனது; ஒரு வயதுக் குட்டி பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுவே முதல் முறை. அந்தக் குட்டி ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. தோல்வி என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது.

ஆனால் அடுத்து வந்தவற்றை ஒதுக்கிவிட முடியுமா? ஜெனரல் அசெம்பிளி 1979இல் சரடோகாவில் டிராவர்ஸ் பந்தயத்தை 2 நிமிடத்தில் ஓடி வைத்த சாதனை 2016 வரை முறியடிக்கப்படவில்லை. லேடிஸ் சீக்ரெட் என்ற சாம்பல் நிறப் பெட்டை 45 ஓட்டங்களில் 25 வென்று, 1986இல் ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டத்தை ஆண் குதிரைகளைத் தாண்டிப் பெற்றது. ரைசன் ஸ்டார் 1988இல் பிரீக்னஸ், பெல்மான்ட் இரண்டையும் வென்றது. பெல்மான்டில் வெற்றியின் இடைவெளி 14¾ நீளம். கிங்ஸ்டன் ரூல் 1990இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பையை 3 நிமிடம் 16.3 வினாடியில் வென்று சாதனை படைத்தது. வேறெந்தப் பொலிகுதிரையாக இருந்தாலும் இந்தப் பட்டியலுக்காகவே கொண்டாடியிருப்பார்கள்.

குறையையும் மறைக்கக் கூடாது. அதனிடம் வந்த பெட்டைகள் நாட்டிலேயே தேர்ந்தெடுத்தவை. பிறந்த குட்டிகள் 600க்கும் மேல். அந்த அளவுக்குப் பார்த்தால் தலைசிறந்த குட்டிகளின் எண்ணிக்கை குறைவுதான். அதைவிடப் பெரிய குறை, அதன் மகன்களில் எதுவும் வலுவான ஆண்வழிக் கிளையை நிறுவவில்லை என்பது. செக்ரடேரியட் பிறந்த அதே 1970இல் பிறந்த மிஸ்டர் பிராஸ்பெக்டரோடு ஒப்பிட்டால் இது கூர்மையாகத் தெரியும். 14 ஓட்டங்களில் 7 மட்டுமே வென்ற அந்தக் குதிரை, ஃபுளோரிடாவில் பொலிவாழ்வைத் தொடங்கிப் பின்னர் கிளேபோர்னுக்கு வந்து, உலகெங்கும் மகன்களாலும் பேரன்களாலும் தழைத்தது. ஆண்குட்டி ஒன்றைப் பொலிகுதிரையாக்கிச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தோடு செக்ரடேரியட்டின் பங்கை வாங்கியவருக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

பெட்டைக் குட்டிகளை விற்காமல் வைத்துக்கொண்டவரின் கதை முற்றிலும் வேறு. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். செக்ரடேரியட்டின் மகள்கள் பெற்றவற்றைப் பார்த்தால் அந்தச் சொல் குதிரைக்கும் பொருந்தும். இரண்டாம் ஈற்று மகளான டெர்லிங்குவா வயிற்றில் பிறந்தது ஸ்டார்ம் கேட். 1999, 2000 ஆண்டுகளில் அமெரிக்காவின் முதன்மைப் பொலிகுதிரையான அதன் சேவைக் கட்டணம் உச்சத்தில் 5 லட்சம் டாலரைத் தொட்டது. வீக்எண்ட் சர்ப்ரைஸ் என்ற மகள் 1990இன் பிரீக்னஸ் வெற்றியாளர் சம்மர் ஸ்குவாலையும், 1992இல் பெல்மான்டையும் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்ற ஏ.பி. இண்டியையும் ஈன்றது, பின்னது 2003, 2006 ஆண்டுகளில் முதன்மைப் பொலிகுதிரை. சீக்ரட்டேம் என்ற மகளை மிஸ்டர் பிராஸ்பெக்டரோடு சேர்த்தபோது கான் வெஸ்ட் பிறந்தது. எந்தக் குதிரையோடு ஒப்பிட்டு இதைக் குறைத்துப் பேசினார்களோ, அதன் சிறந்த மகன்களில் ஒன்றுக்கு இதுவே தாய்வழித் தாத்தா ஆயிற்று. 1992இல் வட அமெரிக்காவின் தாய்வழித் தாத்தாக்களின் வரிசையில் செக்ரடேரியட்டுக்கே முதலிடம். பெண் வயிற்றுப் பேரன்கள்தாம் அதன் பெயரைக் காத்தார்கள்.

இதற்கு ஒரு விளக்கமும் சொல்லப்படுகிறது. 1989 அக்டோபர் 4 அன்று, குளம்பின் உள்ளடுக்குகள் எலும்பைப் பிடித்துக்கொள்ளும் வலுவை இழக்கும் லாமினிடிஸ் நோயால் துன்புற்ற செக்ரடேரியட்டைக் கருணைக்கொலை செய்த பின் உடலைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர், அதன் இதயம் சாதாரணக் குதிரையின் இதயத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக, ஏறத்தாழ 22 பவுண்டு இருக்கும் என்று மதிப்பிட்டார், தராசில் நிறுக்கவில்லை. இந்தப் பெரிய இதயம் எக்ஸ் குரோமோசோம் வழியே வருவது என்றும், தந்தையின் எக்ஸ் மகளுக்கு மட்டுமே போகும் என்பதால்தான் மகள்கள் சிறந்தன என்றும் சிலர் வாதிடுகிறார்கள். குரோமோசோம் பற்றிய பிற்பகுதி பாடநூல் உண்மை. இதய அளவை அதோடு இணைக்கும் முற்பகுதி நிறுவப்படவில்லை, நான் அதை ஒரு கவர்ச்சியான ஊகமாகவே கொள்கிறேன்.

கிளேபோர்னில் செக்ரடேரியட் நின்றது அதன் தந்தை போல்ட் ரூலர் நின்ற அதே லாயத்தில். போல்ட் ரூலர் எட்டு முறை முதன்மைப் பொலிகுதிரையாக இருந்தது என்பதை நினைத்தால், அந்த லாயத்தில் மகன்மேல் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டது என்பது புரியும். தலை, இதயம், குளம்புகள் ஆகியவற்றை மட்டுமே புதைப்பது பந்தயக் குதிரைகளுக்கான மரபு; செக்ரடேரியட்டை முழு உடலாகவே அடக்கம் செய்தார்கள். அலுவலகத்தின் பின்னால், பெயரும் ஆண்டும் மட்டும் பொறித்த எளிய கல் நிற்கிறது. போல்ட் ரூலரும் மிஸ்டர் பிராஸ்பெக்டரும் அதே பண்ணையில் உறங்குகின்றன.

ஆகவே பங்கின் விலைக்குப் பயன் கிடைத்ததா என்று கேட்டால், பொறுமை உள்ளவருக்குக் கிடைத்தது என்பேன். பெட்டைக் குட்டியைத் தன் பண்ணையிலேயே நிறுத்திப் பதினைந்து ஆண்டு காத்திருக்க முடிந்தவருக்கு, கொடுத்ததற்கு மேலாகவே கிடைத்தது. ஏலத்தில் உடனே பணமாக்க விரும்பியவரும் தொடக்கத்தில் இழக்கவில்லை. நடுவில் நின்று மகனை நம்பியவருக்குத்தான் இந்தச் சேவையை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன்.

2015இல் மும்முடியை (டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஒரே ஆண்டில்) வென்ற அமெரிக்கன் ஃபாரோவின் வம்சாவளித் தாளை விரித்து, தாய்வழியில் யாங்கி ஜென்டில்மேன், ஸ்டார்ம் கேட், டெர்லிங்குவா என்று விரலை நகர்த்திக்கொண்டே போனால் ஐந்தாம் தலைமுறையில் செக்ரடேரியட்டின் பெயர் வருகிறது. 2018இன் மும்முடி வெற்றியாளரான ஜஸ்டிஃபையின் தாளில் அந்தப் பெயர் இல்லை. ஐந்து தலைமுறைகளோடு தாள் முடிந்துவிடுகிறது. அதன் கடைசி வரிசையில், தந்தைவழியில் டெர்லிங்குவாவும் தாய்வழியில் வீக்எண்ட் சர்ப்ரைஸுமாக, இரண்டு மகள்களின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன.