கோயில் அகப்பக்கம் எழுத: விஎஸ் கோடா, நோட்பேட் பிளஸ் பிளஸா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அகப்பக்கம் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தவன் நான்தான். பெரிய வேலையில்லை: திருவிழா நிரல், அன்னதான விவரம், உபயக்காரர் பட்டியல். என் கையில் 4 ஜிபி ரேம் போட்ட மடிக்கணினி; கோயில் அலுவலகத்தில் அதைவிடக் கிழடு ஒன்று. இரண்டு வருடமாக விஎஸ் கோடு, நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற இரண்டு எழுதிகளையும் (அகப்பக்கத்தைத் தட்டி எழுத உதவும் மென்பொருள்கள்) மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு விஎஸ் கோடு பக்கம் சாய்ந்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலைத் தீர்ப்பு எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டும் இலவசம். இரண்டும் அகப்பக்கம் எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் குறிகளுக்கு வண்ணம் பூசும். மாலை இடிமழையில் மின்சாரம் போனாலும் சேமிக்காததை இரண்டுமே பத்திரமாக வைத்திருக்கும். நோட்பேட் பிளஸ் பிளஸ் 7 விநாடிக்கு ஒருமுறை நகல் எடுக்கிறது. சப்லைம் டெக்ஸ்ட் என்ற இன்னோர் எழுதியையும் பார்த்தேன். காசு கொடுக்காமலே எத்தனை நாள் வேண்டுமானாலும் பழகலாம், ஆனால் உரிமம் 99 டாலர். நானூறு ரிங்கிட் பக்கம் வரும் அந்தச் செலவைக் கமிட்டிக் கூட்டத்தில் எடுத்து வைக்க எனக்குத் துணிவில்லை. ஆட்டம் (Atom) என்ற எழுதி வேண்டாம், 2022 டிசம்பரிலேயே அதற்கு மூடுவிழா நடந்துவிட்டது.

வேகத்தில் நோட்பேட் பிளஸ் பிளஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2003இல் டான் ஹோ வெளியிட்டது, விண்டோஸில் மட்டும் ஓடும், சில எம்பிதான். கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே திறக்கலாம். 2015இல் வந்த விஎஸ் கோடு அப்படியில்லை. அது எலக்ட்ரான் என்ற மென்பொருள் சட்டகத்தின் மேல் கட்டியது, அதாவது உள்ளே ஓர் உலாவியே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் குரோமையும் திறந்து வைத்தால் என் மடிக்கணினியின் காற்றாடி புல்வெட்டும் மெஷின் மாதிரி இரையும்.

பிறகு ஏன் அதன் பக்கம் சாய்ந்தேன் என்றால், தமிழ் எழுத்துதான் காரணம்.

போன திருவிழாவுக்கு முன்னால், அலுவலகக் கணினியோடு வந்த சாதாரண எழுதியில் உபயக்காரர் பெயர்களைத் தட்டினோம். சேமிக்கும்போது ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ஓகே அழுத்தியது நான். மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது செயலாளர் கூப்பிட்டார்: "என்ன தம்பி, ஆத்தாளுக்கே சந்தேகம் வந்த மாதிரி எல்லாம் கேள்விக்குறியா இருக்கு?" நல்லவேளை, உபயக் கணக்கு நோட்டில் பெயர்கள் இருந்தன. இரண்டு இரவு உட்கார்ந்து திரும்ப அடித்தோம்.

நடந்தது இதுதான். எழுத்துகளைக் கணினி எண்களாக்கிச் சேமிக்கும் முறைகளில் ஒன்று யூடிஎஃப்-8. அதில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் (கணினியின் சேமிப்பு அலகு) வேண்டும். 'கோ' கண்ணுக்கு ஓரெழுத்து, கணினிக்கு 'க' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக 6 பைட். எங்கள் கணினியில் ஆன்சி என்ற பழைய முறையில் மொத்தமே 256 இடம், அதில் தமிழுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப வராது. இன்னொரு கோளாறும் உண்டு: தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளாகக் கிறுக்கல் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம். பைட்டெல்லாம் சரியாகத்தான் இருக்கும், படிக்கும் முறைதான் தவறு. கிறுக்கலுக்கு மருந்துண்டு, கேள்விக்குறிக்கு இல்லை. ஒன்று மட்டும், கிறுக்கலைப் பார்த்ததும் பதறிப்போய்ச் சேமித்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் விஎஸ் கோடு ஜெயிக்கிறது. நாமாக மாற்றாதவரை எல்லாக் கோப்பையும் யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கிறது. கீழ்ப்பட்டையில் அந்தப் பெயரைத் தட்டினால் இரண்டு கேள்விதான்: வேறு முறையில் திரும்பத் திறக்கவா, வேறு முறையில் சேமிக்கவா? நோட்பேட் பிளஸ் பிளஸிலும் இரண்டும் இருக்கின்றன. ஆனால் ஒரே பட்டியலில் மேலே ஒரு கூட்டம், கீழே 'கன்வெர்ட்' என்று ஒரு கூட்டம். மேலே இருப்பது படிக்கும் முறையை மாற்றும், கீழே இருப்பது கோப்பையே மாற்றும். எனக்கே இது பிடிபட மாதக்கணக்கானது. செயலாளர் அண்ணனுக்கு எப்படி விளக்குவது?

வாட்ஸ்அப்பிலிருந்து பெயர்களை வெட்டி ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குறிகளும் சில நேரம் கூடவே வந்துவிடும். விஎஸ் கோடு அவற்றைக் கட்டம் போட்டுக் காட்டுகிறது. அப்படி ஒன்று நடுவில் ஒட்டியிருந்ததால் தலைவர் பெயரைத் தேடியும் கிடைக்காமல் ஒரு மதியம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மேக்கில் நான் எழுதியதில்லை. நான் பார்த்ததெல்லாம் ஏழெட்டுப் பக்கம் கொண்ட சின்னத் தளம்தான், அந்த அளவுக்குள் என் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள். ரேம் 4 ஜிபிக்கும் குறைவென்றால் யோசிக்காமல் நோட்பேட் பிளஸ் பிளஸ் போடுங்கள். அமைப்பில் புதுக் கோப்புக்கு யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, திறக்கும் ஆன்சி கோப்புக்கும் அதுவே என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். அலுவலகக் கிழட்டுக் கணினிக்கு நானும் அதைத்தான் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். திரையின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளும் ஒட்டியிருக்கிறேன்: "கீழே வலது மூலையில் யூடிஎஃப்-8 இல்லையென்றால் கை வைக்காதீங்க அண்ணே, எனக்குப் போன் பண்ணுங்க."