ஸ்விஃப்ட் காருக்குக் கேப்ரியல் பின் ஷாக் அப்சார்பர்: வீட்டு வாசலிலேயே மாற்றிய பின் ஒரு மதிப்புரை

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் நிற்கும் 2012ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட், 96,000 கிலோமீட்டரைத் தாண்டியபோது, வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் ஊஞ்சல்போல ஆடத் தொடங்கியது. டிக்கியின் மூலையை அழுத்தி விட்டால் உடனே நிலைகொள்ள வேண்டிய வண்டி, மூன்று நான்கு தடவை மேலும் கீழுமாக அசைந்தது. குனிந்து பார்த்தால், இடப்பக்க ஷாக்கின் (ஷாக் அப்சார்பரின்) உடலெங்கும் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி அப்பியிருந்தது. அதற்கு மாற்றாக நான் வாங்கிப் பொருத்திய கேப்ரியல் ஷாக் இணையைப் பற்றியும், அதை எனக்கு விற்ற ஆற்காடு சாலைக் கடையைப் பற்றியும், நான்கு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

கடையில் இடப்பக்கத்துக்கு ஒன்று மட்டும் கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர், “ரெண்டையும் சேர்த்து மாத்துங்க சார். ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா வண்டி ஒரு சீரா நிக்காது” என்றார். விற்பனைக்காகச் சொன்ன பேச்சல்ல. பின்பக்கத்தின் இரு ஷாக்குகளும் ஒரே அளவு வலுவோடு இருந்தால்தான் வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் வண்டி நேராக நடக்கும். ஷாக்கை உடற்கூட்டோடு இணைக்கும் மேல் மவுண்ட், ஷாக் முழுவதுமாக அமுங்கி மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை, தானாகத் தளராத புதிய லாக் நட்டுகள் ஆகியவற்றையும் அவரே எடுத்துவைத்தார். ஒரு குறை: கொடுத்த இரண்டு பெட்டிகளில் ஒன்றின் பாக எண் வேறாக இருந்ததை வீட்டுக்கு வந்தபின்தான் கவனித்தேன். மறுநாள் காலை பேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். ஆயினும், வாங்குபவர்கள் கல்லாவிலேயே எண்களை ஒப்பிட்டுவிடுவது நல்லது.

கேப்ரியல் இந்தியாவில் 1961 முதல் இயங்கிவரும் நிறுவனம். கையில் எடுத்த மாத்திரத்தில் வேலையின் நேர்த்தி தெரிந்தது: தண்டின் குரோம் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை, கீழ்ப் போல்ட் நுழையும் வளையத்தின் ரப்பர் உறை (புஷ்) உலோகத்தோடு இறுகப் பிடித்திருந்தது. இந்த வண்டியில் எடையைச் சுமப்பது தனியே நிற்கும் சுருள்வில். அந்த வில் துள்ளுவதை, எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளி அடக்குவதே ஷாக்கின் பணி. எனவே பொருத்தும்முன் அதை நிமிர்த்திப் பிடித்து, நான்கைந்து தடவை முழுவதுமாக அமுக்கி இழுத்துவிட்டேன். கிடையில் வைத்திருந்தபோது உள்ளே எண்ணெயோடு கலந்த காற்று அப்போது மேலேறிவிடும். இரண்டும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீரான எதிர்ப்பைத் தந்தன.

பட்டறையை விட்டு நானே செய்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் பழைய ஷாக்குகளின் கீழ்ப் புஷ்களைப் புதிதாக அடித்துப் போட்டார்கள். ஓராண்டுக்குள் ரப்பர் கிழிந்தது. வண்டியைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே போல்ட்டை முழுவதுமாக இறுக்கியதை நானே பார்த்திருந்தும், அது தவறு என்று அன்று எனக்குத் தெரியாது. போல்ட் இறுகியதும் புஷ்ஷின் உள்குழல் அந்த நிலையிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. பிறகு வண்டி தரையில் இறங்கி நிற்கும்போது ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, ஓடாமல் நிற்கும் நேரத்திலும் அந்த முறுக்கோடுதான் இருக்கிறது. எவ்வளவு நல்ல பாகத்தை வாங்கினாலும் இந்த ஒரு பிழை அதைக் கெடுத்துவிடும் என்பதால்தான் பாகத்தின் மதிப்புரையில் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை இரவே போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டு, வேலூர் வெயில் ஏறுமுன் முடித்துவிட எண்ணி ஞாயிறு விடியற்காலையில் தொடங்கினேன். கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டுமே என்பதால், பின்பக்கத்தைத் தூக்குமுன் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கியரிலும் போட்டேன். வண்டியோடு வரும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. உடற்கூட்டைத் தாங்க இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள் கட்டாயம். கீழ்ப் போல்ட்டைக் கழற்றுமுன் பின் அச்சைத் தனி ஜாக்கியால் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஷாக் விடுபட்டதும் அச்சு கீழே சரிந்து, வில் இடம்பெயர்ந்து, பிரேக் குழாயும் இழுபடும். மேல்நட்டைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து சுற்றும். அதை இடுக்கியால் கவ்விப் பிடித்தால் குரோம் கீறி, சில மாதங்களில் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். தண்டின் நுனியைப் பிடிக்கும் ஸ்பேனரைப் பக்கத்து வீட்டு மெக்கானிக் தம்பி இரவல் தந்தார்.

எல்லாவற்றையும் கையால் முடியும் அளவுக்கு மட்டும் முடுக்கி, சக்கரங்களை மாட்டி, அகலமான தடித்த மரக்கட்டைகளின்மேல் வண்டியை இறக்கி, முழு எடையும் சக்கரங்களில் நின்ற பிறகே, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு, குறித்த இறுக்கம் வந்ததும் சொடுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். பட்டறைக் கூலியாகக் கொடுத்திருக்கவேண்டிய பணம் அந்த ரெஞ்சுக்குச் சரியாக இருந்தது. ஐந்து மணி நேரம் ஆயிற்று. பாதி நேரத்தை வலப்பக்கத்துத் துருப்பிடித்த போல்ட் ஒன்றே எடுத்துக்கொண்டது.

முதல் நூறு கிலோமீட்டரில் பின்பக்கம் சற்று விறைப்பாகத் தோன்றியது, பிறகு பழகிவிட்டது. சென்ற மாதம் ஐந்து பேரும் பெட்டிகளுமாக, வாணியம்பாடி வழியே ஏலகிரிக்குச் சென்றோம். அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்பு கேட்ட தடதடப்பு இல்லை. பின்னிருக்கையில் எப்போதும் குமட்டலோடு வரும் என் அம்மா, இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தார். திரும்பிய மறுநாள் அடியில் படுத்துப் பார்த்தேன். டார்க் ரெஞ்சை வைத்துத் திருப்பியதும், போல்ட்டுகள் அசையாமலே ரெஞ்ச் சொடுக்கியது. இரு கீழ்ப் புஷ்களிலும் கீறலில்லை, ஷாக்கின் உடல் காய்ந்தே இருந்தது.