போர் தண்ணீர் உப்புக்கு எது சரி: ஆர்ஓவா, சாஃப்ட்னரா, மழைநீரா?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராம்புரம் மாதிரி பழைய பகுதிகளில் குழாயில் காவிரி வருகிறது. நகரத்தின் ஓரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தவர்களுக்குப் பல இடங்களில் போர் தண்ணீர்தான். அது வற்றினால் டேங்கர். டேங்கரில் வருவதும் பெரும்பாலும் இன்னொரு போரின் தண்ணீரே. குழாய் முனையில் வெள்ளைப் படிவு, நுரைக்காத சோப்பு, எத்தனை விசில் விட்டாலும் வேகாத துவரம்பருப்பு, சூடாக நேரமெடுக்கும் கீசர் என்று எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். நாம் உப்புத் தண்ணீர் என்பது இதைத்தான், இவற்றின் அளவுக்குப் பெயர் கடினத்தன்மை.

இதற்கு நம் வீடுகளில் முதலில் வாங்குவது ஆர்ஓ. "ஆர்ஓ போட்டிருக்கோமே, அப்புறம் ஏன் கீசர் போகுது?" என்று கேட்பவர்கள் நிறைய. ஆர்ஓ சமையலறையில் குடிக்கும் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்கிறது. கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் தண்ணீர் அதைத் தொடுவதே இல்லை. வீடு முழுக்க ஆர்ஓ தண்ணீர் விடவும் முடியாது, உள்ளே போவதில் பாதிக்கு மேல் கழிவாக வெளியேறும் இயந்திரங்களே அதிகம். 2024 கோடையில் தண்ணீருக்குத் தவித்த ஊருக்கு அது கட்டுப்படியாகாது. பருப்பு வேகவும் காபி ருசிக்கவும் ஆர்ஓ போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சொல்லப்போனால் உப்புத் தண்ணீரைக் குடிப்பதைப் பற்றிப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை வைத்து இதற்கு வரம்பே சொல்லவில்லை. சிறுநீரகக் கல்லைக் காட்டிப் பயமுறுத்தி விற்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

கடினத்தன்மையை உண்மையிலேயே எடுப்பது சாஃப்ட்னர். உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும், பிறகு உப்புக் கரைசல் விட்டுக் கழுவினால் மறுபடி தயார். நாலு பேர் வீட்டில் தினம் 540 லிட்டர், கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைத்தால் 25 லிட்டர் ரெசின் நாலரை நாள் தாங்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை, அதாவது 25 கிலோ உப்பு ஆகும். விற்பவர்கள் சத்தமாகச் சொல்லாத செலவு இது. கழுவுவதற்குத் தண்ணீரும் தனியாகப் போகும்.

இன்னொன்று, சாஃப்ட்னர் போட்ட பிறகு டிடிஎஸ் மீட்டரில், அதாவது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் கருவியில், எண் குறையாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகும் முன் கடினத்தன்மையைச் சோதிக்கும் சொட்டு மருந்துக் கிட் வாங்கிப் பாருங்கள். ஆனால் 500 கடினத்தன்மையை எடுத்த தண்ணீரில் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேர்ந்திருக்கும். ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதை அப்படியே குடிக்கத் தரக் கூடாது. குடிநீருக்குத் தனிக் குழாய் விடலாம், அல்லது பின்னால் ஆர்ஓ வைக்கலாம். அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல்: உப்புக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அந்தத் தண்ணீரே தோட்டத்துக்கு வந்தால் மண் கெடும். சங்கக் கூட்டத்தில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

உப்பே போட வேண்டாம் என்று விற்கும் கண்டிஷனர் கடினத்தன்மையை எடுக்காது. நல்ல வகையானால் கீசரில் படிவதைக் குறைக்கும், சோப்பு நுரைக்காது. காந்தம் வைத்த கருவிகளுக்கு என் காசைத் தர மாட்டேன். ஷவரில் மாட்டும் ஃபில்டரிலும் எனக்கு நம்பிக்கையில்லை. பலவற்றில் இருப்பது கரியும் குளோரின் எடுக்கும் பொருளும்தான். 200 மில்லி ரெசின் இருந்தாலும் 500 கடினத் தண்ணீரில் 20 லிட்டரோடு, அதாவது ஒரு பெரிய வாளியோடு, அதன் சக்தி தீர்ந்துவிடும்.

சொந்த வீடு என்றால் என் வாக்கு மழைநீருக்கு. பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை. 1000 சதுர அடி மாடியில் ஏறத்தாழ 90,000 லிட்டர் விழும், சிந்தியது போக 70,000 வரை பிடிக்கலாம். மழைநீரில் கடினத்தன்மை இல்லை என்றே சொல்லலாம், அதனால் சம்ப்பில், அதாவது தரைக்கடியில் உள்ள தொட்டியில், போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலே 500 என்பது 250 ஆகிவிடும். முதல் மழையின் அழுக்கைத் திருப்பிவிட ஒரு வால்வு, மணல் ஃபில்டர், கொஞ்சம் குழாய் வேலை, அவ்வளவுதான். பெரிய மனைகளுக்கு மழைநீர் சேகரிப்பை இந்நகரக் குடிநீர் வாரியம் 2009லேயே கட்டாயமாக்கியது. பலர் குழாயைப் பெயருக்கு மண்ணில் விட்டுவிடுகிறார்கள், சம்ப்புக்குத் திருப்பினால் பலன் நேராக வீட்டுக்கு. குறையும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை மழை அரிது, அந்த மாதங்களில் பழைய கதைதான். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டிருக்கிறது. உங்கள் தெருவுக்கு இணைப்பு கிடைக்குமானால் மற்ற எதற்கும் முன்னால் அதற்கு விண்ணப்பியுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சம்ப்பையும் குழாயையும் தொட முடியாது. அவர்கள் கீசரை 50 டிகிரிக்குக் குறைத்து வைக்கலாம். சூடு ஏற ஏறத்தான் படிவு கூடும். தலைக்கு ஊற்றக் காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கடைசி இரண்டு சொம்பு போதும். குழாய், கெட்டில், ஷவர் முகப்பில் படிந்ததை வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்தால் கரைந்துவிடும். பாத்ரூம் ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள், குழாயின் பளபளப்புப் பூச்சையும் மார்பிள், கடப்பா கல்லையும் அரித்துவிடும், முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.