குஞ்சு பொரித்த ஜோடி என்று நம்பி ஏமாந்தேன்

ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. அதைக் கொடுத்துத்தான் அந்தக் காக்கட்டீல் ஜோடியை வாங்கினேன்; கொண்டை வைத்த சின்னக் கிளி வகை. விற்றது, வளர்ப்புப் பறவைகளுக்கென்றே இணையத்தில் நடக்கும் ஒரு விற்பனைப் பக்கம். இரண்டும் லூட்டினோ என்கிற நிற வகை; பாலில் மஞ்சள் கரைத்தது போன்ற நிறம்.

"ஏற்கெனவே இரண்டு ஈடு பொரித்த ஜோடி" என்றார் விற்றவர். கூட்டுப்பெட்டிக்குள் ஐந்து குஞ்சுகள் வாய் பிளந்து கத்தும் வீடியோவும் அனுப்பினார். அதில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அன்று அந்த ஐந்து வாய்களைப் பார்த்த வேகத்தில் பணத்தை அனுப்பிவிட்டேன்.

முட்டைகள் வந்தன. ஒரு காலையில் பெட்டியைத் திறந்தால் புதிதாக இரண்டு! ஒரு பெட்டை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இடும், நான்கு முதல் ஆறோடு நிறுத்தும் என்று படித்திருந்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மொத்தம் ஒன்பது. 18 முதல் 21 நாளில் பொரிந்திருக்க வேண்டும். 25ஆம் நாள் விளக்கை அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சிவப்பு நரம்புகூட இல்லை. ஒன்பதும் கூமுட்டை.

"முதல் ஈடு அப்படித்தான் இருக்கும்" என்றார் விற்றவர். அப்படியானால் முன்பு பொரித்த இரண்டு ஈடு? பதில் இல்லை. "சூடு போதவில்லை, இன்குபேட்டர் நம்மிடமே இருக்கிறது" என்றார். பிறகு, "முட்டைகளை எடுத்துவிடுங்கள், திரும்ப இடும்."

எடுத்தேன், பாவி. உடனே அடுத்த சுற்று தொடங்கியது. மூன்றாவது, ஓடு இறுகாத தோல் முட்டை. மறுநாள் ஒரு பறவை கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்தபடி, வாலை ஏற்றி இறக்கி முக்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை உள்ளேயே சிக்கிவிட்டது. மருத்துவர் காப்பாற்றினார். அவர் சொல்லித்தான் இறகு எடுத்து டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டுமே பெட்டை.

முடிவை அனுப்பியதும் "உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது" என்று ஒரு வரி. அத்துடன் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பாதிச் சம்பளம் போயிற்று. மருத்துவச் செலவு தனி.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. ஆண் இல்லாமலும் முட்டை வரும். டிஎன்ஏ சான்று இல்லாமல் லூட்டினோ ஜோடி வாங்காதீர்கள். வளர்ந்த பெட்டைக்கு வாலின் அடியில் மங்கலான மஞ்சள் வரிகள் உண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கூண்டில் கணவாய் ஓடு வையுங்கள். கூமுட்டையானாலும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

வேறொரு எண்ணிலிருந்து இன்று காலை அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே ஐந்து குஞ்சுகள், அதே வீடியோ. "ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம்" என்று போட்டிருக்கிறார்.