நூரியா, நோட்டோவா, அவாமியா? நஸ்தலீக் எழுத்துருக்கள்: ஓர் ஒப்பீடு

தமிழில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி உருவம் வரைந்து வைத்தாலும் எழுத்துரு செய்பவர் பிழைத்துக்கொள்வார். உருது எழுதப்படும் பாணியான நஸ்தலீக்கில் அந்தக் கணக்கு எடுபடாது. அரபு நூல்களில் காணும் நஸ்க் பாணி படுக்கைக் கோட்டில் நடக்கிறது. நஸ்தலீக்கில் சேர்ந்து வரும் எழுத்துகள் வலது மேலிருந்து இடது கீழாகச் சரிந்து இறங்குகின்றன. கூட்டு நீளமானால் முதல் எழுத்து அந்த அளவுக்கு உயரத்தில் நிற்க வேண்டும். கடைசி எழுத்து எதுவென்று தெரியாமல் முதல் எழுத்தின் இடத்தைச் சொல்லவே முடியாது.

நூரி நஸ்தலீக் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டவே இல்லை. எழுத்துக் கலைஞர் மிர்சா அகமது ஜமீலும் மோனோடைப் நிறுவனமும் சேர்ந்து, சுமார் 20,000 கூட்டுகளை முழு உருவங்களாகவே ஆக்கி வைத்தார்கள். 'பாகிஸ்தான்' என்ற சொல் உருதுவில் மூன்று துண்டு. மூன்றும் தயாராக இருக்கும், எடுத்து அடுக்கினால் போதும். 1981இல் லாகூர் ஜங் நாளிதழ் இதில் அச்சானது. 1994இல் வந்த இன்பேஜ் மென்பொருள் இதைப் பதிப்பக மேசைதோறும் கொண்டுபோனது. நுக்தா எனப்படும் புள்ளிகளைக் கலைஞரே இடம் பார்த்து வைத்திருப்பதால் அழகில் குறை சொல்ல முடியாது. பட்டியலில் இல்லாத வெளிநாட்டுப் பெயர் வரும்போதுதான் சாயம் வெளுக்கும். அந்தத் துண்டைத் தனி எழுத்துகளால் ஒட்டுப்போட வேண்டும்; ஒட்டு கண்ணுக்குத் தெரியும்.

கூகுளின் 'நோட்டோ நஸ்தலீக் உருது', எழுத்துருவுக்குள்ளேயே பதித்து வைக்கும் ஓபன்டைப் விதிகளை நம்புகிறது. சூழலுக்கேற்ற உருவத்தை ஓர் அட்டவணை தேர்கிறது. எழுத்தின் வால் அடுத்ததன் தலையில் எங்கே ஒட்ட வேண்டும் என்பதை இன்னோர் அட்டவணை சொல்கிறது. நம் 'கொ'வில் கொம்பையும் காலையும் ககரத்தின் இருபுறமும் உட்கார வைப்பதும் இதே தொழில்நுட்பம்தான். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் எழுதிவிடும், யுனிகோடு என்பதால் தேடலிலும் சிக்கும். ஆனால் வரி உயரம் ஏராளமாகக் கேட்கிறது. லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்துச் செய்த செயலிகளில் மேலிருக்கும் நுக்தாக்கள் வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்து எரிச்சலடைந்திருக்கிறேன். குற்றம் எழுத்துருவினுடையது அன்று.

கஸல் தொகுப்பை அச்சிட நூரி வழி, இணையத்துக்கு நோட்டோ என்பதே என் கட்சி. திருவல்லிக்கேணியிலிருந்து 1927 முதல் வெளிவந்த 'தி முசல்மான்' உருது நாளிதழ் கணினிக் காலத்திலும் காதிபுகள் எனப்படும் எழுத்துக் கலைஞர்களின் கையெழுத்தையே நம்பியது. மூன்றாவது வழியைப் பார்த்தால் அதன் காரணம் இன்னும் நன்றாகப் புரிகிறது.

எஸ்ஐஎல் அமைப்பு 2017இல் வெளியிட்ட அவாமி நஸ்தலீக், கிராஃபைட் என்ற வேறொரு தொழில்நுட்பத்தில் ஓடுகிறது. எழுத்துகளும் புள்ளிகளும் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா என்று அந்தந்த நேரத்திலேயே அளந்து நகர்த்துகிறது. காதிபின் கண் செய்யும் வேலைக்கு மிக அருகில் வருவது இதுதான். ஃபயர்பாக்ஸிலும் லிப்ரே ஆஃபீஸிலும் திறந்து பார்த்து மகிழலாம்; குரோமுக்கு கிராஃபைட் தெரியாது.